சுடும் என்று சொன்னவர்

என் தங்கை ஹில்டாவைத் தேவானந்தத்துக்குக் கட்டிக் கொடுத்தபோது, மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, சிகரெட்கூடக் கிடையாது என்று எங்கள் அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத மனுஷனை நம்பக்கூடாது என்பது என் கட்சி. எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும். அது எங்கே என்று தெரியாதவரைக்கும்தான் ஆபத்து. தேவானந்தத்தின் ஓட்டை பழைய ரிவால்வர்.

தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஷெட்டில் அவருக்கு ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. போல்ட், நட்டு, பேரிங் என்று ரயிலுக்கு வேண்டிய சாமான்களை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் உத்தியோகம். ரசீது இருந்தால் அந்தச் சாமான் இருக்கிறது. ரசீது இல்லையென்றால் கண்ணெதிரே கிடந்தாலும் அது இல்லை. வேலை கற்றுக் கொடுத்த இந்தப் புத்தியை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். பிற்பாடு அவரைக் கவிழ்த்தது அதுதான்.

என் பெயர் அசரியா. பல்லாவரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். எண்பதுகளில் பத்தாவது முடித்த பிள்ளைகளெல்லாம் லோயர், ஹையர் என்று தட்டிக்கொண்டிருந்த காலம். பக்கத்திலேயே வெள்ளிக்கிழமைச் சந்தை. சந்தை என்றால் கத்தரிக்காய் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஓடாத கடிகாரம், கப்பல் விளக்கு, காது போன டெலிபோன், செத்துப்போன எவருடையதோ மூக்குக்கண்ணாடி எல்லாம் தரையில் பரப்பியிருக்கும். தேவானந்தம் தன் வார லீவை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றி வாங்கிக்கொண்டார். ஞாயிறு ஆராதனைக்கு என் தங்கை தனியாகப் போனாள்.

சந்தைக்குள் நுழையுமுன் என் இன்ஸ்டிடியூட்டுக்குள் எட்டிப் பார்த்து, "மச்சான், கொஞ்சம் எண்ணெய் குடுங்க" என்பார். டைப்ரைட்டருக்குப் போடும் மெல்லிசான எண்ணெய். வீட்டில் உள்ள ரிவால்வர்களுக்கு அதைத்தான் பூசினார். எங்கள் வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய், என் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு போகிறீரே என்று கிண்டல் செய்வேன். சிரிக்கமாட்டார். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது.

சேலையூரில் அவர் வீட்டில், ஹில்டாவின் பட்டுப்புடவைகள் இருக்கவேண்டிய அலமாரித் தட்டில் நாலு ரிவால்வர்கள் இருந்தன. பரங்கிமலையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விட்டுவிட்டுப் போனவை. நாலும் பிணங்கள். குழாயில் ஈயம் ஊற்றி அடைத்து, சுழலும் உருளையைப் பற்றவைத்து, பூட்டை உடைக்கக்கூட உதவாதபடி ஆக்கப்பட்டவை. சுடவே முடியாத பழங்காலத்துச் சாமானுக்குச் சட்டம் தொந்தரவு செய்யாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவற்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம், "எந்தப் பாவி இதுக்கு வெல்டிங் வெச்சான்" என்று பல்லைக் கடிப்பார்.

அவர் நிஜமாகத் தேடியது வேறு ஒன்றை. அதை எனக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். நானும் வேறு வழியில்லாமல் கேட்டிருக்கிறேன். ஆதியில் ரிவால்வருக்குத் தோட்டா கிடையாது. உருளையில் உள்ள ஒவ்வொரு குழியிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்தி, பின்பக்கம் பொட்டு வெடி மாதிரி ஒரு சின்ன மூடியை மாட்டிச் சுடவேண்டும். அப்புறம் பித்தளைத் தோட்டா வந்தது. மருந்தும் குண்டும் ஒன்றாக அடங்கியது, பின்பக்கமாகச் செருகினால் போதும். பழைய ரிவால்வர் வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? புதிது வாங்க எல்லாராலும் முடியுமா? பட்டறைக்குக் கொண்டுபோய், உருளையின் பின்பாகத்தை அறுத்தெடுத்து, அங்கே ஒரு வளையத்தைப் பொருத்தி, தோட்டா போகச் சின்னதாக ஒரு கதவு வைத்துக்கொண்டார்கள். பழைய வீட்டில் சுவரை இடித்துப் புது வாசல் வைக்கிற மாதிரிதான். சில வருஷங்களில் புது ரிவால்வர்கள் மலிந்ததும் இவற்றைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அதனால்தான் கிடைப்பதில்லை.

"ரெண்டு காலமும் அதுக்குள்ள இருக்கு மச்சான்" என்பார். "ஒண்ணே ஒண்ணு பாத்துட்டா போதும்."

பார்த்தார். எண்பத்தெட்டில் பம்மலில் ஒரு பழைய தோல் பதனிடும் ஷெட்டை மூடி, இரும்பையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். எடுத்தவர் சௌகத் அலி. சந்தையில் பழைய இரும்பு பரப்புகிறவர், எங்கள் இருவருக்கும் பழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சந்தைக் கடையை அப்படியே விட்டுவிட்டு, கைப்பையோடு என் இன்ஸ்டிடியூட்டுக்குள் வந்தார். உள்ளே தேவானந்தம் எண்ணெய்க்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"சார், இத்த பாரு. பீரோ அடில தோல்ல சுத்திக் கெடந்துச்சு. இன்னா எழவோ, எனக்கு இது வேணாம். வூட்டுல வெச்சா பேஜாரு. நீ வெச்சுக்கோ, இல்லாங்காட்டி கெணத்துல போட்ரு."

தேவானந்தம் தோலைப் பிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் தங்கை கழுத்தில் தாலி கட்டியபோதுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. உருளையைத் திருப்பினார். பின்னால் அந்த வளையம் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு குட்டிக் கதவு. நகத்தால் தள்ளியதும் அது சத்தமில்லாமல் திறந்தது. வளையத்தின் விளிம்பிலும் உருளையின் விளிம்பிலும் ஒரே மாதிரி ஒரு சின்ன எழுத்து வெட்டியிருந்தது. தமிழ் எண், ஏழு.

"மெட்ராஸ்ல பண்ணது" என்றார். "நம்ம ஆளு பண்ணது மச்சான். ஜோடி மாறக்கூடாதுன்னு ரெண்டுலயும் நம்பர் போட்டிருக்கான். இது ஏழுன்னா, இதுக்கு முன்ன ஆறு இருந்திருக்கணும். எங்க போச்சு எல்லாம்?"

அழுதுவிட்டார். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. சந்தோஷத்தால் அல்ல, பயத்தால். மற்ற நாலும் பிணங்கள், இது உயிரோடு இருந்தது. குழாயில் அடைப்பு இல்லை, சுத்தியல் விழுந்தது, கதவு திறந்தது. எந்த வளையத்துக்காக அதைத் தேடினாரோ, அந்த வளையம்தான் அதைச் சட்டத்தின் கண்ணில் ஆயுதமாக்கியது. லைசென்ஸ் கிடையாது. கேட்டாலும் கிடைக்காது, எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வாசலில் தபால்காரர் மணி அடித்தால்கூட மனுஷன் எழுந்து நின்றுவிடுவார்.

"வெல்டு வெச்சிடுங்களேன்" என்றாள் ஹில்டா. "மத்ததெல்லாம் அப்படித்தானே இருக்கு? நிம்மதியா இருக்கலாம்."

அவர் அவளை ஏதோ பிள்ளையின் கழுத்தைத் திருகச் சொன்னவளைப் போலப் பார்த்தார்.

தொண்ணூற்றொன்றில் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் உள்ளவர்களுக்கான அறிவிப்பு அது. தேவானந்தத்தின் காதில் அதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது: ரசீது.

யோசித்துப் பாருங்கள், உலகத்தில் வேறு யாருக்காவது இந்தப் புத்தி வருமா? ஸ்டேஷனில் கொடுத்தால் ரசீது தருவார்கள். ரசீது வந்தால் சாமான் கணக்கில் வந்துவிட்டது. கணக்கில் வந்துவிட்டால் பிறகு அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. திரும்ப வாங்கும்போது சர்க்கார் கையால் வாங்கிய மாதிரி ஆகிவிடும். இப்படிக் கணக்குப் போட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ரிவால்வரைத் துண்டில் சுற்றி, தானே நடந்து போய் ஸ்டேஷனில் கொடுத்தார். எங்களில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கிருந்த வயசான எஸ்.ஐ. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஏன் சார், திப்பு சுல்தானோடதா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாராம். அந்தத் தாளை என்னிடம் காட்டினார் பாருங்கள், பரீட்சையில் பாஸான பையன் கெட்டான்.

"உருப்பட்ட மாதிரிதான்" என்றேன்.

மே மாதம் இருபத்தொன்றாம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அது பக்கத்து ஊர். அதற்குப் பிறகு வெடி, துப்பாக்கி என்று வாய்விட்டுச் சொல்லவே ஜனங்கள் பயந்தார்கள். வாடகை வீடுகளில் சோதனை, லாட்ஜுகளில் சோதனை. ஸ்டேஷனுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தார். தேர்தலுக்கு ஒப்படைத்தவை இருந்த பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துப்பாக்கிக்கும் லைசென்ஸை ஒத்துப் பார்த்தார். ஒன்றுக்கு மட்டும் லைசென்ஸ் இல்லை, கொடுத்தவர் விலாசம் மட்டும் தெளிவாக இருந்தது. அந்த மனுஷரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஜீப்பை எடுத்திருப்பேன்.

தேவானந்தத்தை விடிகாலையில் கூட்டிக்கொண்டு போனார்கள். தெருவே வாசலில் நின்றது. எவரிடம் வாங்கினாய் என்று இரண்டு நாள் கேட்டிருக்கிறார்கள். சந்தையில் கிடந்தது, முகம் ஞாபகமில்லை என்பதற்கு மேல் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. சௌகத் அலி அந்த இரண்டு நாளும் கடை போடாமல் என் இன்ஸ்டிடியூட் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "சார் என் பேர சொல்லிடட்டும்பா. எனக்கு இன்னா, ரெண்டு அடி வாங்கிக்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜாமீனில் வந்தபோது தேவானந்தத்துக்குக் காது ஒன்று மந்தமாகியிருந்தது. ரயில்வேயில் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மச்சான், ஸ்டேஷன்ல அதுக்கு எண்ணெய் போடுவாங்களா?" என்பது. அப்போதே கன்னத்தில் ஒன்று வைத்திருக்க வேண்டும் நான்.

செங்கல்பட்டில் கேஸ் இழுத்தது. வக்கீல் ஏகநாதன் கெட்டிக்காரர். அவருடைய வாதம் எளிமையானது. இது பழங்காலத்துச் சாமான், இதற்கான தோட்டா எங்கள் தாத்தா காலத்திலேயே நின்றுபோயிற்று, சுட உதவாத ஒன்றை எப்படித் துப்பாக்கி என்பது? அரசு வக்கீல், தோட்டா போக வழி இருக்கிறதே என்றார். சரி, சுட்டுப் பாருங்களேன் என்று ஏகநாதனே சவால் விட்டார். கோர்ட்டும் ஒத்துக்கொண்டது. ஆயுதப் படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் சுட்டுப் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று உத்தரவானது.

வெளியே வந்ததும் தேவானந்தம் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், வேணாம் சார். இன்னிக்கு இருக்கற போலீஸ் தோட்டா அதுல கிட்டத்தட்ட சரியா உக்காந்துடும். ஆனா அது கருமருந்துக்குப் பண்ண இரும்பு. இப்ப இருக்கற மருந்தோட வேகம் தாங்காது. அந்த வளையம் தெறிச்சு, உருளை பிளந்துடும்."

ஏகநாதன் சிரித்தார். "பிளக்கட்டுமே சார்! வெடிச்சுச் சிதறினா கேஸும் சிதறிடுச்சு. சுட உதவாதுன்னு அவங்களே எழுதிக் குடுக்கணும். நீங்க வேலையில சேந்துடலாம். வாயை மட்டும் மூடிக்கிட்டு இருங்க, போதும்."

அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. எங்களுக்கு அது அவருடைய விடுதலை. அவருக்கு அது கொலை.

தொண்ணூற்று மூன்று கோடையில், காட்டாங்குளத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் போலீஸ் சுடும் பயிற்சி செய்கிற பொட்டலுக்குப் போனோம். நான், அவர், வக்கீல். ஹில்டா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அன்று காலை முழுக்க ஜெபத்தில் இருந்தாள். துப்பாக்கி வெடித்துச் சிதறவேண்டும் என்று ஆண்டவரிடம் மன்றாடிய கிறிஸ்தவப் பெண் அவளாகத்தான் இருப்பாள். ஆர்மரர் பழுத்த அனுபவசாலி. ரிவால்வரைக் கையில் பிடித்துச் சுடும் பேச்சே இல்லை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பட்டறை வைஸில் இறுக்கிவிட்டு, விசையில் நீளமாகக் கயிறு கட்டினார்.

"எல்லாம் தள்ளி நில்லு. சிதறிச்சுனா மூஞ்சில வந்து சொருவிக்கும்" என்று மணல் மூட்டைக்குப் பின்னால் எங்களை அனுப்பினார்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு தேவானந்தம் அதைப் பார்க்கிறார். துரு ஏறியிருந்தது. ஆர்மரர் குட்டிக் கதவைக் கட்டை விரலால் தள்ளினார். அவ்வளவு துருவிலும் அது சத்தமில்லாமல் திறந்தது. பளபளவென்று ஒரு புதுத் தோட்டாவைச் செருகினார். அது உள்ளே போய் உட்கார்ந்தது. என் பக்கத்தில் நின்றவர் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். நான் அவர் தோளை அழுத்திப் பிடித்தேன். பிடித்த பிடியில் பாசம் ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் நெரித்துவிடலாம் என்றுதான் பிடித்தேன்.

ஆர்மரர் கயிற்றை எடுத்தார்.

"சுடும் சார்" என்றார் தேவானந்தம்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"அது சுடும். நல்லா சுடும். நானே சுட்டுப் பாத்திருக்கேன். டெஸ்ட் வேணாம் சார், எழுதிக்கங்க. நான் துப்பாக்கிதான் வெச்சிருந்தேன்."

பொய். அவர் வாழ்க்கையில் பொட்டு வெடிகூட வெடித்ததில்லை. தீபாவளிக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ஜாதி. ஏகநாதன் பாய்ந்து வந்து, போலீசிடம் சொன்னது செல்லாது, டெஸ்டை நடத்துங்கள் என்று கத்தினார். "அப்ப கோர்ட்டுல சொல்றேன்" என்றார் இவர். குற்றம் சாட்டப்பட்டவரே ஒத்துக்கொள்கிறேன் என்று நிற்கும்போது அங்கே வந்திருந்த போலீஸ் அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோர்ட்டில் கேட்டுக்கொண்டு வருகிறோம் என்று தோட்டாவை வெளியே எடுக்கச் சொன்னார். ஆர்மரர் எடுத்துவிட்டு, "இன்னா சார் ஆளு இவரு" என்று என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்ல?

அடுத்த வாய்தாவுக்குள் அவர் மனசை மாற்ற நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் கத்தினேன். எங்கள் சபைப் போதகர் வந்து பேசினார். கடைசியில் ஹில்டா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் தங்கை யார் காலடியிலும் உட்காருகிற பெண் அல்ல.

"நமக்குன்னு ஒரு பொண்ணு இருக்கா, நர்சிங் படிச்சிக்கிட்டு இருக்கா. அப்பன் ஜெயில்லன்னா அவளை யாரு கேட்டு வருவாங்க? வேலை போயிடும். பென்ஷன் போயிடும். நான் என்னைக்காவது உங்ககிட்ட எதாவது கேட்டிருக்கேனா? ஞாயித்துக்கிழமைகூட கேட்டதில்ல. இது ஒண்ணு கேக்கறேன். வாயை மூடிட்டு இருங்க. அந்த இரும்பு உடையட்டும்."

அவர் அழுதுகொண்டேதான் பேசினார். "ஹில்டா, நான் ஒரு வருஷம் போனா திரும்பி வந்துடுவேன். அது போனா வராது. யாரோ ஒரு ஆளு, பேரு தெரியாது, எண்ணெய் விளக்குல உக்காந்து அரத்தால ராவி ராவிப் பொருத்தின வேலை. அவனோடது மிஞ்சினது அது ஒண்ணுதான். என்னைக் காப்பாத்திக்கறதுக்கு அதை நான் ஒடைச்சுட்டா, அப்புறம் எந்த மூஞ்சியோட நான் சந்தைக்குப் போவேன்?"

"என் மூஞ்சியப் பாத்து வீட்டுக்கு வருவீங்களா?" என்று கேட்டாள் ஹில்டா.

கோர்ட்டில் சொன்னார். சுடும் என்றார். ஒரு வருஷம் தண்டனை. துப்பாக்கி பறிமுதல். தீர்ப்பைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு அவரை நான் வெறுத்தேன், இதை மறைக்க ஒன்றுமில்லை.

வெறுத்தாலும் சும்மா இருக்க முடியவில்லை. பறிமுதல் செய்ததை ஏதாவது மியூசியத்துக்கு அனுப்பக் கூடாதா என்று என் மிஷினிலேயே மனு அடித்துக்கொண்டு கோர்ட் ஆபீசுக்குப் போனேன். இல்லையென்றால் இந்த மனுஷன் ஜெயிலில் கிடப்பதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். அங்கே இருந்த ஊழியர் நல்லவர், உட்காரச் சொன்னார். நாட்டுத் துப்பாக்கிகளோடு சேர்த்துப் போன மாதமே அதையும் உடைத்து, உலைக்கு அனுப்பிவிட்டார்களாம். அதுதான் நடைமுறை. யார்மேலும் தப்பில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஹில்டாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் இரண்டு பேரும் ஜெயிலுக்குப் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தேவானந்தம் இளைத்துப் போய் நின்றார். நல்ல காதைத் திருப்பிக்கொண்டு, மகள் செல்வமேரியைக் கேட்டார், வீட்டைக் கேட்டார். பிறகு கேட்டார்: "அது எங்க இருக்கு, எதாவது தெரிஞ்சுதா?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன்.

"எழும்பூர் மியூசியத்துக்குக் குடுத்துட்டாங்க" என்றாள் ஹில்டா. "அண்ணன் மனு போட்டாரு. கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்காங்களாம்."

அந்தத் துப்பாக்கியைச் சபித்துச் சபித்தே வயசானவள் அவள். கம்பி வலையில் விரலைக் கோத்துக்கொண்டு தேவானந்தம் சிரித்தார். துப்பாக்கி விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

வெளியே வந்து, "ஏன் இப்படிச் சொன்னே? நாளைக்கு வந்து பாக்கணும்னு நிப்பாரே?" என்று கேட்டேன்.

"இன்னும் எத்தனை மாசம் உள்ள இருக்கணும் அவரு?" என்றாள். "உயிரோட வரட்டும் அண்ணே. அப்புறம் பாத்துக்கலாம்."

உயிரோடு வந்தார். வேலை போயிருந்தது. சௌகத் அலி தன் கடையில் பழைய இரும்பு தரம் பிரிக்க உட்கார வைத்துக்கொண்டார். செல்வமேரிக்கு வந்த நல்ல இடம் ஒன்று நின்றுபோயிற்று, அவள் வேலைக்கென்று வடக்கே போய்விட்டாள், அப்பாவுக்குக் கடிதம் போடுவதில்லை. அவரோ மியூசியம் போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பூச்சு வேலை நடக்கிறது, அந்தப் பகுதியை மூடியிருக்கிறார்கள் என்று ஹில்டா தள்ளிப் போட்டாள். எத்தனை நாளைக்குத் தள்ள முடியும்?

தொண்ணூற்றைந்தில் ஒரு நாள் காலை, சலவைச் சட்டையோடு என் இன்ஸ்டிடியூட் வாசலில் வந்து நின்றார். கம்ப்யூட்டர் வந்து என் தொழில் படுத்துக்கொண்டிருந்த சமயம், உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை.

"மச்சான், கொஞ்சம் எண்ணெய் குடுங்க. அங்க இருக்கறவங்ககிட்ட குடுத்துப் பூசச் சொல்லலாம்."

தடுத்துப் பார்த்தேன். தனியாகவாவது போவேன் என்றார். ஒரு சின்ன சீசாவில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்து நானும் கூடவே ரயில் ஏறினேன். பல்லாவரத்திலிருந்து எழும்பூர் வரை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்விட்டது, சொல்லவில்லை.

ஆயுதங்கள் வைத்திருக்கும் கூடத்தில் அவர் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகக் குனிந்து பார்த்தார். வாள்கள், ஈட்டிகள், நீளத் துப்பாக்கிகள். கடைசிவரை போய்விட்டுத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டார். அப்படி எதுவும் சமீபத்தில் வரவில்லையே என்று அந்த அம்மா தயவாகச் சொன்னார். பிறகு மூன்றாவது முறையாகவும் ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. போய்க் கையைப் பிடித்தேன்.

"மாப்ளே" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "ஒடைச்சுட்டாங்களா?"

தலையை ஆட்டினேன்.

"எப்போ?"

"நீங்க உள்ள போன கொஞ்ச நாள்லயே."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் சீசாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வேலை, மானம், மகள், ஒரு காது, எல்லாம் கொடுத்து வாங்கியது ஒரு மாசம்கூட நிற்கவில்லை. அந்த மனுஷன் அங்கேயே செத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போனதும், "ஹில்டாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"ஜெயில்ல வந்து சொன்னப்பவே தெரியுமா?"

"தெரியும் மாப்ளே."

சேலையூர் வீட்டுக்குத் திரும்ப ரயில் ஏறினோம். என் ஸ்டேஷனில் இறங்காமல் நானும் கூடவே போனேன். எங்கே போயிருக்கிறோம் என்று, கடைக்கு லீவு சொன்னபோது கேட்டுக்கொண்ட சௌகத் அலி சொல்லியிருக்க வேண்டும். ஹில்டா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தப்பு செய்து அகப்பட்டுக்கொண்ட சின்னப் பெண்ணைப் போலச் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தாள்.

தேவானந்தம் செருப்பைக் கழற்றினார். சீசாவை ஜன்னல் கட்டையில் வைத்தார். அது பாதி காலியாக இருந்தது. வழியில் எங்கேயோ, எனக்குத் தெரியாமல் கொட்டியிருக்கிறார்.

"பாத்தேன் ஹில்டா" என்றார். "கண்ணாடிக்குள்ள நல்லா வெச்சிருக்காங்க. அந்த ஏழாம் நம்பர்கூட வெளியிலேருந்தே தெரியுது."

ஹில்டா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஜன்னலில் இருந்த சீசாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குரலை நேராக்கிக்கொண்டு கேட்டாள்.

"எண்ணெய் போட்டாங்களா?"

"போட்டாங்க. நான் கூடவே நின்னு பாத்தேன்."